ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ: ராடு பேரிங் போன நாளிலிருந்து டைனோ வரை

கோவைக்குப் பக்கத்திலுள்ள செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரில் நாலாவது சுற்று. இன்ஜினுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது, மரக்கதவை விரல் முட்டியால் தட்டுவதுபோல. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சத்தம் கூடியது, மிதித்தால் கொஞ்சம் மங்கியது. ஆயில் விளக்கு எரியவில்லை. சூடும் ஏறவில்லை. ஆனாலும் அந்தத் தட்டலை ஒருமுறை கேட்டவர்கள் இன்னொரு சுற்று ஓட்ட மாட்டார்கள். ஓரமாக ஒதுக்கி அணைத்துவிட்டேன். வண்டி ரெக்கவரி லாரியில்தான் வீடு திரும்பியது.

அன்றிரவே ஆயில் ஃபில்டரைக் கழற்றி, தகர உறையை வெட்டி, உள்ளேயிருந்த மடிப்புக் காகிதத்தை வெள்ளைத் துணிமேல் விரித்தேன். டார்ச் அடித்ததும் காகிதம் முழுக்க மினுமினுத்தது. வெள்ளி நிறத் தூள், நடுநடுவே செம்பு நிறச் செதில்கள். செம்பு தெரிகிறது என்றால் பேரிங்கின் (சுழலும் தண்டைத் தாங்கும் மெல்லிய உலோக ஓட்டின்) மேல் பூச்சு போய், அடியில் இருக்கிற உலோகம் வரைக்கும் தேய்ந்துவிட்டது.

மறுநாள் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சேம்பரைக் கழற்றியதும் காரணமும் தெரிந்தது. ஆயில் உறிஞ்சும் குழாயின் வலைச் சல்லடையில் முக்கால்வாசி கறுப்புப் பிசினால் மூடியிருந்தது. விரலால் வழித்தால் வெல்லப்பாகு மாதிரி இழுபட்டது. நேர்ரோட்டில் போகும்போது அந்தச் சல்லடை வழியாக வந்த ஆயில் போதுமானதாக இருந்திருக்கும். ட்ராக்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுழல, வளைவுக்குள் போகும்போது போதவில்லை. மூன்றாவது சிலிண்டரில், பிஸ்டனைக் கிராங்கோடு (இன்ஜினின் முதன்மைச் சுழல்தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் இடத்தைவிட்டுச் சுழன்று, கிராங்கையும் கீறியிருந்தது. கீறலில் விரல் நகம் மாட்டியது.

இந்த 1.8 டர்போ இன்ஜினுக்கு முழு சிந்தெடிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். டர்போவின் சூட்டில் சாதா ஆயில் வெந்து பிசினாகிவிடும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் என்ன ஊற்றினார், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினார் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. வாங்கிய வாரமே சேம்பரைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். அரை நாள் வேலைதான். பழைய டர்போ வண்டி வாங்குகிற யாராக இருந்தாலும் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம், பவரையும் ஏற்றிவிடலாம் என்று முடிவுசெய்தேன். இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் இருப்பது 1781 சிசி, 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட். சிலிண்டருக்கு ஐந்து வால்வு, மூன்று உள்ளே இழுக்க, இரண்டு வெளியே தள்ள. இதே குடும்ப இன்ஜின் முதல் தலைமுறை ஆடி டிடியில் பெரிய டர்போவுடன் 225 குதிரைத்திறன் கொடுத்தது. பிளாக் தாங்கும் என்பதற்கு அதுவே சான்று. முதலில் வளைவது கனெக்டிங் ராடு. ராடை வளைப்பது உச்ச சுற்றில் வரும் குதிரைத்திறன் அல்ல, 3000 சுற்றுப் பக்கம் திடீரென்று எகிறும் டார்க். டர்போ காற்றை அமுக்கும் அழுத்தமான பூஸ்டைக் குறைந்த சுற்றிலேயே வாரிக் கொடுக்கிற மேப்புகள் (இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்றும் அமைப்புகள்) நன்றாக இழுப்பதுபோலத் தெரியும், ஆனால் ராடையும் பேரிங்கையும் சேர்த்தே தின்னும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியில் மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. இந்த வேலைக்குப் பிறகு என் வண்டி பொதுச்சாலையில் ஓடவில்லை, ட்ராக்குக்கு லாரியில்தான் போய்வருகிறது.

முதல் சறுக்கல் கிராங்கில். கீறல் போக 0.25 மி.மீ. விட்டம் குறைத்து (அண்டர்சைஸ்) கிரைண்டிங் கொடுத்திருந்தேன். திரும்பி வந்ததை மைக்ரோமீட்டரில் அளந்தால் அளவு சரியாகவே இருந்தது. ஆனால் பேரிங் உட்காரும் வழவழப்பான பகுதியான ஜர்னல் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் மூலையில் இருக்க வேண்டிய வளைவு காணாமல் போயிருந்தது. கல்லின் ஓரத்தைச் சீவாமல் அப்படியே இறக்கியிருக்கிறார்கள். கத்தியால் கீறியதுபோலக் கூர்மையான மூலை. கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிற பொருள். அந்த மூலையில்தான் விரிசல் பிறக்கும். பவர் ஏற்றப்போகிற இன்ஜினில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. மூன்று வாரம் தேடி, உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் ஒன்றில் பழைய இன்ஜினிலிருந்து கழற்றிய நல்ல கிராங்க் ஒன்றைப் பிடித்தேன். ராடு ஜர்னல் நான்கும் 47.76 முதல் 47.77 மி.மீ.க்குள், புதிதுக்குரிய அளவிலேயே இருந்தன. காந்தத் துகள் சோதனையில் விரிசல் இல்லை. பாலிஷ் மட்டும் போட்டு எடுத்துக்கொண்டேன். கெடுத்த கிராங்குக்கான பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

பம்பு கம்பெனி ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன், மைக்ரோமீட்டரும் சிலிண்டரின் உள்விட்டம் அளக்கும் போர் டயலும் கைக்குப் பழகியவை. இருந்தும் பிளாக் வேலையில் எனக்குப் பாடம் சொன்னவர் கணபதிப் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்தான். 81 மி.மீ. சிலிண்டரை 81.5 ஆக்க வேண்டும், ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய வலுவான) பிஸ்டன் வாங்கிவிட்டேன் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "டார்க் பிளேட்டு இருக்குதுங்களா தம்பி?"

இல்லை என்றேன்.

"அப்ப இருங்க, ஒண்ணு செஞ்சுக்கலாம். ஹெட்டு ஏத்தி போல்ட்டு முறுக்குனா பிளாக்கு ஒரு மாதிரி நிக்கும், கழட்டுனா வேற மாதிரி நிக்கும். நம்ம பிஸ்டன் ஓடறது முறுக்குன பிளாக்குலதானுங்களே."

50 மி.மீ. தடிமன் இரும்புத் தகட்டில் ஹெட்டின் பத்து போல்ட்டு ஓட்டைகளையும் சிலிண்டருக்கு நேராக நான்கு பெரிய துளைகளையும் போட்டு, அடிப்பக்கத்தை சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்து, நாலு நாளில் பிளேட்டைக் கொடுத்துவிட்டார். பழைய கேஸ்கெட்டை அடியில் வைத்து, ஹெட்டுக்குரிய முறையிலேயே முறுக்கினோம்: முதலில் 40 நியூட்டன் மீட்டர், பிறகு கால் சுற்று, மறுபடி கால் சுற்று. முறுக்குவதற்கு முன் முதல் சிலிண்டரில் வட்டப் பிசகு 10 மைக்ரானுக்குள் இருந்தது. முறுக்கிய பிறகு அதே இடத்தில் போர் டயலைச் சுழற்றினேன். முள் 30 மைக்ரானைத் தொட்டுத் திரும்பியது. நான் விடப்போகும் பிஸ்டன் இடைவெளியே மொத்தம் 70 மைக்ரான்தான். அதில் கிட்டத்தட்ட பாதியை வெறும் போல்ட்டு முறுக்கு தின்றுவிடுகிறது. அந்த முள் அசைவதைக் கண்ணால் பார்த்த பிறகு, பிளேட் இல்லாமல் ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து அளவாக்குதல்) செய்த இன்ஜின்களில் ஏன் ஆயில் எரிகிறது என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

பிஸ்டன் 2618 வகை அலுமினியக் கலவை. அடி தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதனால்தான் கம்பெனி பிஸ்டனைவிட இரட்டிப்பு இடைவெளி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சூடேறும்வரை லேசாகக் கடகடக்கும், அது குறையல்ல. ஒவ்வொரு பிஸ்டனையும் தனித்தனியாக அளந்து, எண் போட்டு, அந்தந்தப் பிஸ்டனுக்கே சிலிண்டரை ஹோன் செய்தோம். கடைசியில் கொள்ளளவு 1803 சிசி. கூடிய 22 சிசியால் பவர் ஒன்றும் வராது. கீறலும் தேய்மானமும் போய்ப் புதுச் சுவர் கிடைத்ததுதான் லாபம். கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 9.5-லிருந்து 9.25 ஆனது.

ஹோனிங் முடிந்த பிளாக்கைக் கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெட்ரோலிலோ டீசலிலோ கழுவினால் சுவர் பளபளவென்று தெரியும், ஆனால் ஹோனிங் கல்லின் துகள்கள் குறுக்குக் கோடுகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு, நைலான் பிரஷ், இவைதான் வேண்டும். வீட்டு முற்றத்தில் இரண்டு அண்டாத் தண்ணீர் காய்ச்சினோம். தேய்த்து, அலசி, காற்றடித்து, உடனே ஆயில் தடவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். முதல் துடைப்பில் துணி சாம்பல் நிறம். மறுபடி சோப்பு. இரண்டாவதிலும் சாம்பல். ஐந்தாவது முறை துடைத்தபோதுதான் ஆயிலின் மஞ்சள் மட்டும் துணியில் ஒட்டியது. அந்தச் சாம்பல் அத்தனையும் அரைக்கிற பொடி. விட்டிருந்தால் முதல் நூறு கிலோமீட்டரிலேயே புது ரிங்கையும் புது பேரிங்கையும் தேய்த்திருக்கும்.

அதே அக்கறையோடு பிளாக்கின் ஆயில் வழித்தடங்களை அடைத்திருக்கும் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, துப்பாக்கிக் குழல் துடைக்கிற மாதிரி நீளமான பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தேன். உடைந்த பேரிங்கின் தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆயில் கூலரைக் கழுவி நம்ப முடியாது, உள்ளே எங்கே என்ன தங்கியிருக்கிறது என்று பார்க்க வழியே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். ஆயில் பம்பு, உறிஞ்சு குழாய், டர்போவுக்குப் போகும் ஆயில் குழாய் எல்லாம் புதிது. பழைய குழாயை வெட்டிப் பார்த்தேன், உட்புறச் சுவரில் கரி படிந்து துளை பாதியாகியிருந்தது. இந்த பிளாக்கில் பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஆயிலைப் பீய்ச்சிக் குளிரவைக்கும் சின்னக் குழல்கள் உண்டு. புது ராடு தடிமனானது என்பதால் கிராங்கைக் கையால் முழுச் சுற்று சுற்றி, குழலில் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே மேற்கொண்டு நகர்ந்தேன்.

ரிங் இடைவெளி: பவர் ஏற்றிய டர்போ இன்ஜினில், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சூடாகி நீளும். முனைகள் இரண்டும் முட்டிக்கொண்டால் பிஸ்டனின் மேல் விளிம்பே உடைந்து வரும். பிஸ்டனோடு வந்த தாளில் மேல் ரிங்குக்குச் சிலிண்டர் விட்டத்தை 0.0050-ஆல் பெருக்கச் சொல்லியிருந்தது. 0.41 மி.மீ. வந்தது. இரண்டாவது ரிங்குக்கு 0.45. பெட்டியிலிருந்து எடுத்தபடி போட்டால் 0.28-தான் இருந்தது. அரத்தில் வெளிப்பக்கமிருந்து உள்நோக்கி மட்டும் தேய்த்தேன், எதிர்த்திசையில் தேய்த்தால் ரிங்கின் முகப்பு பிசிறு விடும். நாலு தேய்ப்பு, சிலிண்டருக்குள் வைத்து பிஸ்டனால் நேராக்கி ஃபீலர் கேஜ், மறுபடி நாலு தேய்ப்பு. எட்டு ரிங்குக்கும் ஒரு முழுச் சனிக்கிழமை போனது.

மெயின் பேரிங் இடைவெளி ஐந்து இடத்திலும் 45 முதல் 50 மைக்ரான். ராடில் 47. ராடு போல்ட்டுகளை டார்க் ரென்ச்சை மட்டும் நம்பி முறுக்கவில்லை. போல்ட்டு எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் கேஜ் வைத்து, தாளில் சொன்ன 0.15 மி.மீ. வரும்வரை முறுக்கினேன். மரையில் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்பதைப் பொறுத்து டார்க் ரென்ச் காட்டும் எண் மாறிப்போகும். நீட்சி அப்படி மாறாது.

ஹெட்டில் பெரிய சங்கதி இல்லை. 20 வால்வும் லேப்பிங், கைடுகள் புதிது, அடிமுகம் லேசாக ஸ்கிம்மிங், கேம் செயின் டென்ஷனர் புதிது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்பு, உருளைகள் எல்லாம் மாற்றியாகிவிட்டது.

டர்போவுக்கு 225 குதிரைத்திறன் மாடலில் வந்த கே04 என்ற டர்போவை அதன் மேனிஃபோல்டோடு (டர்போவுக்குப் புகையைக் கொண்டுவரும் குழாய்த் தொகுதி) எடுத்தேன். இதைவிடப் பெரிய டர்போ போட்டால் பேப்பரில் எண் கூடும், ஆனால் 2.1 கி.மீ. நீளமுள்ள செட்டிபாளையம் ட்ராக்கில் வளைவிலிருந்து வெளியே வரும்போது பூஸ்ட் உடனே வர வேண்டும். அங்கே காத்திருக்க நேரமில்லை.

டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஏன் அவசியம் என்பதற்கு ஒரு கணக்கு. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே, இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 0.965 பார். அதன்மேல் 1.3 பார் பூஸ்ட் என்றால் காற்றை 2.35 மடங்கு அமுக்குகிறோம். டர்போ 70 சதவீதத் திறனில் ஓடினால் 35 டிகிரியில் உள்ளே போன காற்று 155 டிகிரிக்குமேல் சூடாகி வெளியே வரும். முன் சக்கர வளைவுக்குள் ஒளிந்திருக்கும் கம்பெனி இன்டர்கூலர் இரண்டு சுற்றுக்குமேல் அந்தச் சூட்டைத் தாங்காது. பம்பருக்குப் பின்னால் முழு அகலத்துக்கு ஒன்று வைத்தோம்.

பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் தேர்வுசெய்யும்போது இன்றைய பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. சாதா பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்குச் சுமார் 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக ஊற்ற வேண்டும். 255 குதிரைத்திறன் இலக்குக்கு, 85 சதவீத நேரத்துக்குமேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 470 சிசிக்குமேல் தர வேண்டும். 550 சிசி எடுத்தேன். பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற குழாய்களாக மாற்றினேன்.

முதல் ஸ்டார்ட். சத்தியமாகச் சொல்கிறேன், முந்தைய இரவு தூங்கவில்லை. காயில்களையும் இன்ஜெக்டர் கனெக்டரையும் கழற்றிவிட்டு, டர்போவின் ஆயில் துளையில் சிரிஞ்சால் ஆயில் ஊற்றி நிரப்பி, ஸ்டார்ட்டரை மட்டும் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றினோம். இந்த இன்ஜினில் ஆயில் பம்பை கிராங்கே செயின் மூலம் சுற்றுகிறது, ஆகவே ஸ்டார்ட்டர் சுற்றினாலே ஆயில் ஏற வேண்டும். முதல் பத்து விநாடி, கேஜ் பூச்சியம். இரண்டாவது, பூச்சியம். மூன்றாவதும் பூச்சியம். லேத் அண்ணன் டர்போவின் ஆயில் குழாய் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு அதிலேயே கண் வைத்திருந்தார். நாலாவது முறை சுற்றும்போது "வந்துருச்சுங்க" என்றார். நட்டின் ஓரத்தில் குமிழ் விட்டு, பிறகு தேன் நிறத்தில் ஆயில் வழிந்தது. கேஜ் முள் 2 பாருக்கு ஏறி நின்றது. நட்டை இறுக்கி, காயில்களை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டது.

புது ரிங்குள்ள இன்ஜினை நெடுநேரம் ஐட்லில் விடக் கூடாது. ரிங் சுவரோடு பதிய அழுத்தம் வேண்டும். ஆயில் கசிவு, தண்ணீர் கசிவு பார்த்ததும் நேரே லாரியில் ஏற்றி டைனோவுக்குக் (சக்கரத்தில் வரும் பவரை அளக்கும் உருளை மேடை) கொண்டுபோனோம். பூஸ்டை 0.4 பாரில் கட்டிப்போட்டு, 2500-லிருந்து 4500 வரை இழுத்து, அதே கியரில் தானாக இறங்கவிட்டு, மறுபடி இழுத்து, ஒரு மணிநேரம் ஓட்டினோம். உடனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினோம். கம்ப்ரஷன் அழுத்தம் நான்கு சிலிண்டரிலும் அரை பார் வித்தியாசத்துக்குள் இருந்தது.

மேப்பிங்கில் கலவையை லாம்டாவில்தான் (முழுதாக எரியத் தேவையான காற்றுக்கு உண்மையில் உள்ள காற்றின் விகிதம்) பார்த்தோம், எத்தனால் எவ்வளவு இருந்தாலும் லாம்டாவின் பொருள் மாறாது. முழு மிதியில் 0.80. 95 ஆக்டேன் பெட்ரோல். முதல் முழு இழுப்பில் 4200 சுற்றில் மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் நாக்கிங் (கலவை கட்டுமீறி வெடிப்பது) உணர்ந்து கம்ப்யூட்டர் இக்னிஷனை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, 5 டிகிரி பின்வாங்கியது. அதே மூன்றாவது என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிளக்கைக் கழற்றி லென்ஸில் பார்த்தோம், பீங்கானில் கறுப்புப் புள்ளிகளோ அலுமினியத் துளிகளோ இல்லை. இரண்டு டிகிரி டைமிங்கைக் குறைத்து, அந்தச் சுற்று எண்ணிக்கையில் பூஸ்டை 1.2 ஆக்கினோம், பின்வாங்கல் ஒன்றரை டிகிரிக்கு இறங்கியது. 3000 சுற்றுக்குக் கீழே பூஸ்டை வேண்டுமென்றே மெதுவாக ஏற்றும்படி வைத்தோம். டைனோ ஓட்டியவர் கீழேயே இன்னும் 40 நியூட்டன் மீட்டர் எடுத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சுற்றில் பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலம் மெலிதாக இருக்கும். ஒரு பேரிங்கைப் பறிகொடுத்தவனுக்கு அந்த 40 தேவையில்லை.

இன்ஜின் போவதற்கு முன் இதே டைனோவில் சக்கரத்தில் 125 குதிரைத்திறன். இப்போது 5900 சுற்றில் 228, டார்க் 305. பாகங்கள், லேத் வேலை, வீணான கிராங்க், டைனோ எல்லாம் சேர்ந்து செலவு ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. காலம் ஏழு மாதம்.

செட்டிபாளையத்தில் மூன்று ட்ராக் நாள் ஓட்டியாகிவிட்டது. ரேஸ் வீரர் கரிவர்தன் பெயரில் 2003-இல் திறந்த இந்த ட்ராக் வீட்டிலிருந்து அரை மணிநேரத் தொலைவில் இருப்பதை எங்கள் ஊருக்குக் கிடைத்த கொடையாகவே நினைக்கிறேன். முதல் நாள் பாதி வேகம், இரண்டாம் நாள் பூஸ்ட் 1 பார், மூன்றாம் நாள் முழுசு. கண் ரோட்டைவிட ஆயில் கேஜைத்தான் அதிகம் பார்த்தது. ஆயில் 105 டிகிரி சூட்டில், வளைவுக்குள் 5000 சுற்றில் 4.6 பார். வளைவில் முள் துடித்துக் கீழே விழுகிறதா என்று ஒவ்வொரு சுற்றும் பார்த்தேன், விழவில்லை. பிட்டில் ஐட்லில் 1.5 பார்.

மூன்றாம் நாள் இரவு ஃபில்டரைக் கழற்றி வெட்டினேன். அதே முற்றம், அதே வெள்ளைத் துணி. மடிப்பு மடிப்பாக விரித்து டார்ச் அடித்தேன். ரிங் பதிந்ததில் வந்த மெல்லிய இரும்புத் தூள் கொஞ்சம் இருந்தது, காந்தத்தைக் கொண்டுபோனால் ஒட்டியது. செம்பு நிறத்தில் ஏதாவது கிடைக்கிறதா என்று ஒவ்வொரு மடிப்பாக இரண்டு முறை தேடினேன். ஒரு செதில்கூட இல்லை. காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி எழுதி, பழைய ஃபில்டரின் காகிதம் இருக்கும் அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். அடுத்த ஆயில் மாற்று 1500 கிலோமீட்டரில்.